முகம் காட்டும் வயதை அளப்பது எப்படி? மலையகத்தில் ஓர் ஆய்வு செய்ய முழுமையான வழிகாட்டி

சில வருடங்களுக்கு முன் அம்மாவை ஆஸ்பத்திரி கிளினிக் ஒன்றுக்குக் கூட்டிப் போயிருந்தேன். துண்டு எழுதுகிறவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "பாட்டி, வயசு அறுபத்தஞ்சுன்னு போடவா?" என்றார். "நாப்பத்தொன்பதுங்க" என்றார் அம்மா. அவர் நம்பாமல் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தார். பஸ்ஸில் திரும்பி வரும்போது அம்மா ஜன்னல் கண்ணாடியில் தெரிந்த தன் முகத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார். ஒன்றும் பேசவில்லை.

பதினேழு வயதில் தேயிலைத் தோட்டத்தில் பேர் பதிந்து, கொழுந்து எடுக்க மலைக்குப் போனவர் அம்மா. அந்தப் பதினாறு வருட வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்று அன்று தேடத் தொடங்கினேன், இன்னும் தேடுகிறேன். தோல் முதுமை பற்றியும், ஒரு முகத்தைப் பார்த்தால் எத்தனை வயது சொல்லத் தோன்றுகிறது என்பது பற்றியும் நல்ல ஆய்வுகள் இருக்கின்றன. நான் படித்தவற்றில் பெரும்பாலானவை டென்மார்க், நெதர்லாந்து, பிரான்ஸ், அவுஸ்திரேலியா முகங்களைப் பற்றியவை. கொழுந்து எடுக்கும் பெண்ணின் முகத்தை அவற்றில் நான் காணவில்லை. பேராதனையிலோ பதுளை ஊவா வெல்லஸ்ஸவிலோ படிக்கும் நம் பிள்ளைகள் இறுதியாண்டு ஆய்வுக்குத் தலைப்பு தேடும்போது இதை எடுக்கவேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். பெரிய கருவிகள் தேவையில்லை. ஒரு கமரா, ஓர் அறை, கொஞ்சம் பொறுமை, நிறைய மரியாதை இருந்தால் செய்துவிடலாம்.

முதல் படி: எதை அளக்கிறோம் என்று தெளிவாகுங்கள்

மூன்று விஷயங்கள் இங்கே ஒன்றோடொன்று குழம்பும். பிறந்த தேதியிலிருந்து எண்ணும் வயது ஒன்று. தோலின் நிலை, அதாவது சுருக்கம், கரும்புள்ளி, மங்கு, தொய்வு இவற்றை எண்ணிப் பார்ப்பது இன்னொன்று. மூன்றாவது, முன்பின் தெரியாத ஒருவர் படத்தைப் பார்த்துச் சொல்லும் வயது. இதைத் தோற்ற வயது என்று சொல்வோம்.

தோற்ற வயதை வெறும் அழகு சம்பந்தப்பட்ட விஷயம் என்று பலர் ஒதுக்குகிறார்கள். 2009ஆம் ஆண்டு கிறிஸ்டென்சனும் கூட்டாளிகளும் வெளியிட்ட டென்மார்க் ஆய்வு அப்படி ஒதுக்க முடியாது என்று காட்டியது. 70 வயதைத் தாண்டிய 1,826 இரட்டையர்களின் படங்களைக் காட்டி வயது சொல்லச் சொன்னார்கள். பிறகு ஏழு வருடங்கள் யார் இருக்கிறார்கள், யார் இறந்தார்கள் என்று பார்த்தார்கள். வயதானவராகத் தெரிந்தவர்கள், உண்மை வயதைக் கணக்கில் எடுத்த பிறகும், முந்தி இறந்தார்கள். ஒரே பிறப்பில் வந்த இருவருக்கிடையே தோற்றத்தில் வித்தியாசம் கூடக்கூட, முதியவராகத் தெரிந்தவர் முதலில் போகும் வாய்ப்பும் கூடியது. உடல் பலம், ஞாபகசக்தி ஆகியவற்றோடும் தோற்ற வயது சேர்ந்தே போனது.

சரி, அப்படியென்றால் முகம் முழுவதும் நம் வாழ்க்கையின் கணக்குத்தானா? ஒரு பகுதி அப்படி, ஒரு பகுதி பிறப்பிலேயே வருவது. டென்மார்க் இரட்டையர் ஆய்வுகளின்படி தோற்ற வயதில் ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டில் சுமார் 60 சதவீதம் பரம்பரையோடு சம்பந்தப்பட்டது. நெதர்லாந்தின் ரொட்டர்டாம் ஆய்வில் 2016ஆம் ஆண்டு எம்.சி.1.ஆர். என்ற மரபணுவின் சில வடிவங்களை உடையவர்கள் சராசரியாக இரண்டு வருடம் வயதானவர்களாகத் தெரிந்தார்கள் என்று கண்டார்கள். அதனால் ஒரு தனி மனுஷியின் முகத்தைப் பார்த்து, "இது வெயில் செய்தது" என்று சொல்லிவிட முடியாது. என் அம்மாவைப் பற்றியும் என்னால் அப்படிச் சொல்ல முடியாது. கூட்டமாகப் பார்த்தால்தான் பேச முடியும். ஆய்வு தேவைப்படுவது அதற்குத்தான்.

இரண்டாம் படி: தோலுக்குள் நடப்பதைப் படித்துக்கொள்ளுங்கள்

கேள்விக்கொத்து தயாரிக்கும் முன் இது தெரிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் எதைக் கேட்பது என்றே தெரியாது.

தோலின் உள்ளடுக்கைத் தாங்கி நிற்பது கொலாஜன் என்ற நார். பாய்க்குக் கோரை போல. வயது வந்த பிறகு அது ஆண்டுக்கு ஏறக்குறைய 1 சதவீதம் குறைகிறது. பெண்களுக்கு மாதவிடாய் நின்ற முதல் 5 வருடங்களில் 30 சதவீதம் வரை குறையலாம். ஆகவே 45 முதல் 55 வயதுப் பெண்களைச் சேர்க்கும் எந்த ஆய்வும் மாதவிடாய் பற்றிக் கேட்காமல் இருக்கக் கூடாது. கேட்பவர் பெண்ணாக இருக்கட்டும்.

இதன் மேல் வருவது வெயில். புற ஊதாக் கதிரில் பி வகை தோலைச் சுடும். ஏ வகை இன்னும் ஆழமாக இறங்கும், கண்ணாடியையும் தாண்டும். 1996ஆம் ஆண்டு மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஃபிஷர் குழுவினர் கண்டது முக்கியமானது. தோல் சிவக்காத அளவு கதிர் பட்டாலே கொலாஜனை வெட்டும் நொதிகள் தோலுக்குள் கூடிவிடுகின்றன. எரிச்சல் இல்லை, கருகவும் இல்லை, ஆனாலும் உள்ளே நார் அறுகிறது. தோலின் கொலாஜன் முழுவதும் புதிதாக மாறப் பல ஆண்டுகள் எடுக்கும் என்பதால், ஒவ்வொரு நாளும் அறும் கொஞ்சம் கொஞ்சமும் சேர்ந்துகொண்டே வரும்.

இங்கேதான் மலைநாட்டைப் பற்றி எல்லாரும் செய்யும் தவறு இருக்கிறது. குளிராக இருக்கிறது, மப்பாக இருக்கிறது, அதனால் வெயில் இல்லை என்கிறோம். சூட்டுக்கும் புற ஊதாவுக்கும் நேரடித் தொடர்பில்லை. ஒவ்வொரு 1,000 மீட்டர் ஏறும்போதும் புற ஊதா சுமார் 10 சதவீதம் கூடுகிறது. நுவரெலியா ஏறக்குறைய 1,870 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேகம் மெல்லியதாக இருந்தால் 80 சதவீதம் வரை கதிர் அதைத் தாண்டி வந்துவிடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பூமத்திய ரேகைக்கு இவ்வளவு கிட்ட இருக்கும் நம் நாட்டில் வானம் தெளிந்த நண்பகலில் புற ஊதாச் சுட்டெண் 11ஐத் தாண்டுவது சாதாரணம். அதுதான் அந்த அளவுகோலின் உச்ச வகை. கம்பளியைப் போர்த்திக்கொண்டு நடுங்கும் நாளிலும் முகத்தில் கதிர் விழுந்துகொண்டிருக்கும்.

கறுத்த தோலுக்கு இயற்கையான காவல் உண்டு. மெலனின் என்ற நிறமி கதிரில் பெரும் பகுதியைத் தடுக்கிறது. அதனால் நம்மவர்களுக்குச் சுருக்கம் வெள்ளைக்காரர்களைவிடப் பிந்தி வருகிறது. வெயிலின் வேலை நம் முகத்தில் வேறு மாதிரித் தெரியும்: கன்னத்தில் மங்கு, திட்டுத்திட்டாக நிறம் மாறுதல், கண்ணைச் சுற்றிக் கருமை, சிறு கரும் பருக்கள். ஐரோப்பியர்களுக்காகச் செய்த சுருக்க அளவுகோலை அப்படியே எடுத்து வந்து வைத்தால், "தோட்டத்துப் பெண்களுக்கு வெயிலால் பாதிப்புக் குறைவு" என்ற பொய் முடிவு வந்துவிடும். பிரான்ஸில் 298 வெள்ளைத் தோல் பெண்களிடம் செய்த 2013ஆம் ஆண்டு ஆய்வில் இருந்து "முக முதுமையில் 80 சதவீதம் வெயிலால்" என்ற கணக்கு உலகம் முழுவதும் சுற்றுகிறது. அதை மேற்கோள் காட்டும்போது அது யாருடைய முகம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

வெயிலோடு புகையையும் பாருங்கள். சீனாவில் விறகு, நிலக்கரி அடுப்பில் சமைக்கும் பெண்களிடம் செய்து 2015ஆம் ஆண்டு வெளியான ஆய்வு, அடுப்புப் புகைக்கும் முகச் சுருக்கத்துக்கும் தொடர்பு இருப்பதைக் காட்டியது. ஜெர்மனியில் 400 பெண்களிடம் செய்த 2010ஆம் ஆண்டு ஆய்வு, காற்றில் உள்ள கரித்துகளுக்கும் முகத்தில் வரும் நிறப் புள்ளிகளுக்கும் தொடர்பு கண்டது. லயத்துச் (தோட்டத்து வரிசை வீட்டுச்) சமையலறையில் புகைபோக்கி இல்லாத அடுப்பின் முன் காலையும் மாலையும் குந்தியிருந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

மூன்றாம் படி: கேள்வியைச் சிறிதாக்குங்கள்

"தோட்டப் பெண்கள் ஏன் வயதானவர்களாகத் தெரிகிறார்கள்" என்பது ஒரு வாழ்நாள் கேள்வி. ஆறு மாதத்தில் செய்யக்கூடியது இப்படி இருக்கும்: 35 முதல் 55 வயது வரையான பெண்களில், மலையில் வேலை செய்த வருடங்கள் கூடக்கூடத் தோற்ற வயது கூடுகிறதா?

ஒப்பிட இரண்டாவது கூட்டம் வேண்டுமென்றால் ஆசிரியைகளைத் தேடி டவுனுக்குப் போகாதீர்கள். உணவு, படிப்பு, வீடு எல்லாமே மாறிவிடும். அதே தோட்டத்தில் பிள்ளைக்காம்பராவிலும் (குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்) தொழிற்சாலைக்குள்ளும் வேலை செய்த பெண்கள் இருப்பார்கள். அதே லயம், அதே அடுப்பு, அதே சொந்தபந்தம், வெயில் மட்டும் வேறு. இதைவிட நல்ல ஒப்பீடு கிடைக்காது.

எத்தனை பேர்? இரண்டு அளவுகளுக்கிடையே நடுத்தரமான தொடர்பு, அதாவது 0.3 அளவு, இருந்தால் அதைப் பிடிக்கச் சுமார் 85 பேர் வேண்டும். இரண்டு கூட்டங்களை ஒப்பிட்டு மிதமான வித்தியாசத்தைப் பிடிக்கக் கூட்டத்துக்கு 64 பேர் வேண்டும். இருபது பேரை வைத்து முடிவு சொல்லாதீர்கள்.

நான்காம் படி: அனுமதி

பல்கலைக்கழகத்தின் ஆய்வு நெறிக் குழுவிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். மேற்பார்வையாளர் அதற்கு உதவுவார். இது எல்லாரும் சொல்வது. தோட்டத்துக்கென்று சொல்ல வேண்டியது வேறு.

துரையிடம் (தோட்ட நிர்வாகியிடம்) அனுமதி கேட்காமல் தோட்டத்துக்குள் போக முடியாது, அது சரி. ஆனால் ஆட்களைக் கூட்டித் தரச் சொல்லித் துரையிடமோ கணக்குப்பிள்ளையிடமோ கேட்கவே கூடாது. காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் நின்று கணக்குப்பிள்ளை "இந்தப் பிள்ளைக்குப் போட்டோ புடிக்கக் கொடுங்க" என்று சொன்னால், எந்தப் பெண்ணும் மாட்டேன் என்று சொல்லமாட்டாள். அன்றைய வேலைக்குப் பேர் போட்டுத்தருகிறவரின் சொல் அது. தொழிற்சங்கத் தலைவர் மூலம் போனாலும் இதே சிக்கல்தான். வேலையில்லாத ஞாயிற்றுக்கிழமை, கோயில் பக்கமோ வாசகசாலையிலோ உட்கார்ந்து, விருப்பமுள்ளவர்கள் தாங்களாக வரட்டும் என்று காத்திருங்கள். மெதுவாகத்தான் வருவார்கள். வந்தவர்கள் உண்மையாக வந்தவர்களாக இருப்பார்கள்.

ஒப்புதல் படிவத்தைத் தமிழில், பேசுகிற மாதிரி எழுதுங்கள். வாசிக்க முடியாதவர்களுக்கு முழுவதும் வாசித்துக் காட்டி, அவர்கள் நம்பும் ஒருவர் முன்னிலையில் கைநாட்டு வாங்குங்கள். நான்கு விஷயங்கள் அதில் கட்டாயம் வேண்டும்: படத்தை யார் பார்ப்பார்கள், எங்கே வைப்பீர்கள், எப்போது அழிப்பீர்கள், பாதியில் வேண்டாமென்றால் என்ன செய்யலாம். முகம் என்பது அடையாளம். இலங்கையின் 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் ஒருமுறை படித்துவிடுங்கள். ஒரு படம்கூட வாட்ஸ்அப்பில் போகக் கூடாது. நண்பருக்கும் கூடாது, மேற்பார்வையாளருக்கும் கூடாது.

ஐந்தாம் படி: உண்மையான வயதைக் கண்டுபிடியுங்கள்

எளிதாகத் தெரியும், ஆனால் ஆய்வே சரியும் இடம் இதுதான். பழைய அடையாள அட்டையில் 9 இலக்கமும் ஓர் எழுத்தும் இருக்கும். முதல் இரண்டு இலக்கம் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று இலக்கம் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது, பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருப்பார்கள். புதிய 12 இலக்க அட்டையில் முதல் நான்கும் ஆண்டு. ஆண்டையும் மாதத்தையும் மட்டும் குறித்துக்கொண்டு அட்டை இலக்கத்தை விட்டுவிடுங்கள்.

அட்டையில் இருப்பது எப்போதும் சரியென்றும் நினைக்காதீர்கள். பள்ளிக்கூடத்தில் சேர்க்க, வேலைக்குப் பதிய என்று வயதைக் கூட்டியும் குறைத்தும் எழுதிய கதை நம் குடும்பங்களில் உண்டு. "அட்டையில இருக்கிறது சரியான வயசாங்க அக்கா?" என்று பணிவாகக் கேளுங்கள். சந்தேகம் வந்தால் கூடப்பிறந்தவர்களின் வயதோடும், மூத்த பிள்ளையின் பிறப்புச் சான்றிதழோடும் ஒத்துப் பாருங்கள். இரண்டு வருடத்துக்கு மேல் தடுமாறினால் அவரைக் கணக்கிலிருந்து தனியாக வையுங்கள்.

ஆறாம் படி: படம் எடுப்பது

பாதி வேலை இதுதான். படம் கெட்டால் பிறகு எந்தக் கணக்காலும் காப்பாற்ற முடியாது.

வெளியே எடுக்காதீர்கள். மூடுபனி வெளிச்சம் அழகாக, சமமாக இருக்கும், ஆனால் பத்து நிமிடத்தில் மாறிவிடும். முதல் பெண்ணுக்குப் பனி, அடுத்தவருக்கு வெயில் என்றால் சுருக்கம் இருவருக்கும் வெவ்வேறாகத் தெரியும். ஒரு அறையின் ஜன்னல்களை மூடி, முகத்துக்கு இரண்டு பக்கமும் சரிசமமாக ஒரே வகை விளக்குகளை வைத்து, முன்னால் வெள்ளைத் துணி தொங்கவிட்டு வெளிச்சத்தை மென்மையாக்குங்கள். மேலிருந்து மட்டும் விழும் வெளிச்சம் கண்ணின் கீழ்ப் பையை இருமடங்காக்கும்.

கமராவை 1.5 முதல் 2 மீட்டர் தள்ளி, முகத்தின் மட்டத்தில் தாங்கியில் வையுங்கள். போனை மூக்கருகே கொண்டுபோனால் மூக்குப் பெருத்து, கன்னம் ஒடுங்கி, முகமே வேறாகிவிடும். போனில்தான் எடுக்க வேண்டுமென்றால் தூரத்தில் இருப்பதைப் பெரிதாக்கும் (டெலிபோட்டோ) லென்ஸில் எடுங்கள். அழகுபடுத்தும் அமைப்பை அணையுங்கள். பல போன்களில் அது கேட்காமலேயே ஓடிக்கொண்டிருக்கும். தோலை மெழுகி, நாம் தேடி வந்த தடயத்தையே அழித்துவிடும். கறுத்த முகத்தைக் கண்டதும் கமரா தானாக வெளிச்சத்தைக் கூட்டும் பழக்கமும் உண்டு. அதையும் நிறுத்தி, எல்லாருக்கும் ஒரே அளவில் பூட்டுங்கள். ஒவ்வொரு முறையும் சாம்பல் நிற அட்டையை முதலில் பிடித்து ஒரு படம் எடுத்தால் நிறத்தைப் பிறகு சரிபார்க்கலாம்.

முகம் கழுவி, துடைத்து, இருபது நிமிடம் உட்காரட்டும். ஒரு தேத்தண்ணி குடிக்கும் நேரம். மலையிலிருந்து இறங்கிய களைப்போடு ஒருவரையும் ஓய்வு நாளில் இன்னொருவரையும் எடுத்தால் ஒப்பிட முடியாது. தோள்மேல் எல்லாருக்கும் ஒரே நிறத் துணி போர்த்துங்கள். சேலையைப் பார்த்தே தொழிலைக் கண்டுபிடித்துவிடுவார்கள். முடியை வெள்ளைத் துணியால் பின்னுக்குக் கட்டுங்கள், நரையும் சாயமும் மறையும். சிரிக்காமல், வாயை மூடி, நேராகப் பார்க்கட்டும். வாயை மூடுவதற்கு இன்னொரு காரணம் உண்டு. வெற்றிலை போடுகிறவர்களின் பல், வயதை உடனே கூட்டிக்காட்டும். ஆனால் பல் விழுந்து உதடு உள்வாங்கியிருப்பதை மறைக்க முடியாது. அதைக் கேள்விக்கொத்தில் குறியுங்கள்.

பொட்டு விஷயம். துடைக்கச் சொல்லவே வேண்டாம். புருஷன் உயிரோடு இருக்கும் பெண்ணிடம் பொட்டைத் துடையுங்கள் என்று ஒரு சின்னப்பிள்ளை வந்து சொல்வது எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். பொட்டில்லாதவரைப் பார்த்ததும் மதிப்பிடுகிறவர் கூடுதலாக வயது சொல்லும் ஆபத்தும் இருக்கிறது. அதனால் எல்லாப் படங்களிலும், பொட்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும், புருவ மத்தியில் ஒரே அளவுச் சாம்பல் வட்டம் ஒன்றைக் கணினியில் வைத்துவிடுங்கள். மூக்குத்தி இருந்துவிட்டுப் போகட்டும்.

இன்னொரு படம் கட்டாயம் எடுங்கள்: மேற்கையின் உட்பக்கம், முன்கையின் வெளிப்பக்கம், இரண்டும் ஒரே சட்டத்தில். கக்கத்தோரத் தோல் வாழ்நாளில் வெயில் காணாதது. முன்கை தினமும் கண்டது. அந்தப் பெண்ணே தனக்கு ஒப்பீடு. பரம்பரை, சாப்பாடு, நோய் எல்லாம் இரண்டு இடத்துக்கும் ஒன்றுதான். அமெரிக்காவில் 28 வருடம் லொறி ஓட்டிய 69 வயதுக்காரர் ஒருவரின் படம் 2012ஆம் ஆண்டு மருத்துவ இதழில் வந்தது. ஜன்னல் பக்கமிருந்த இடது கன்னம் மட்டும் தடித்து மடிந்து, வலது கன்னத்தைவிடப் பல வருடம் மூத்ததாகத் தெரிந்தது. ஒரே உடம்பில் இரண்டு வயதைக் காட்ட அதைவிட நல்ல உதாரணம் இல்லை. நம் பெண்களின் கையிலும் அதே கதை இருக்கிறதா என்று பாருங்கள்.

ஏழாம் படி: வாழ்க்கையைக் கேட்பது

"எத்தனை வருடம் கொழுந்து எடுத்தீர்கள்" என்று நேரடியாகக் கேட்டால் "சின்ன வயசுல இருந்து" என்றுதான் பதில் வரும். ஒரு நீளத் தாளில் வருடங்களை வரிசையாகப் போட்டுக்கொள்ளுங்கள். 83 கலவரம், சுனாமி, கொரோனா என்று பொது நிகழ்வுகளையும், அவருடைய கல்யாணம், பிள்ளைகள் பிறந்தது, மூத்தவள் பெரியபிள்ளையானது போன்றவற்றையும் முதலில் குறியுங்கள். அப்புறம் அவற்றுக்கு இடையில் எங்கே வேலை செய்தார் என்று நிரப்புங்கள். மறந்துபோனதெல்லாம் வரும். வெளிநாட்டுக்கு வீட்டுவேலைக்குப் போன வருடங்களை விட்டுவிடாதீர்கள். வெயில் படாமல் வீட்டுக்குள் அடைந்துகிடந்த காலம் அது.

ஒவ்வொரு காலத்துக்கும் கேட்க வேண்டியவை: நாளுக்கு எத்தனை மணி நேரம் வெளியே, தோட்டம் எந்த உயரத்தில், தலையில் என்ன போட்டார், கூடைக் கயிறு தலையில் எங்கே விழும். நெற்றியில் அந்தக் கயிறு அழுத்திய தழும்பு உள்ளவர்களைத் தனியாகக் குறியுங்கள், அதைச் சுருக்கமென்று எண்ணிவிடக் கூடாது. அடுப்பு எப்படி, புகைபோக்கி உண்டா, வெற்றிலையோடு புகையிலை உண்டா, சீனி வருத்தம் (நீரிழிவு) உண்டா என்றும் கேளுங்கள். நெதர்லாந்தின் லைடன் ஆய்வு, இரத்தத்தில் குளுக்கோஸ் கூடினால் தோற்ற வயதும் கூடுவதைக் கண்டது.

உடல் எடையை எடுக்காமல் விடாதீர்கள். 2009ஆம் ஆண்டு அமெரிக்காவில் 186 சோடி ஒத்த இரட்டையர்களிடம் செய்த ஆய்வில், நாற்பது வயதுக்குக் கீழ் எடை கூடியவர் வயதானவராகத் தெரிந்தார். நாற்பதுக்கு மேல் அது தலைகீழாகி, மெலிந்தவர் வயதானவராகத் தெரிந்தார். கன்னத்தில் சதை வற்றினால் வயது ஏறும். தோட்டத்தில் அந்த மெலிவு பசியால் வந்ததாகவும் இருக்கலாம். எடையைச் சேர்க்காமல் கணக்குப் போட்டால் பசியின் வேலையை வெயிலின் தலையில் போட்டுவிடுவீர்கள்.

எட்டாம் படி: வயது சொல்பவர்கள்

ஒரு ஆளின் கணிப்பு பெரிய தடுமாற்றம் உடையது. பலரின் சராசரி நம்பகமானது. கணக்கு இதுதான்: ஒரு தனி மதிப்பீட்டாளரின் நம்பகத்தன்மை 0.4 (முழுமையானது 1) என்றால், பத்துப் பேரின் சராசரிக்கு அது 0.87, இருபது பேருக்கு 0.93, முப்பது பேருக்கு 0.95. இருபதைத் தாண்டினால் பெரிய லாபம் இல்லை. ஒரு கூட்டத்துக்கு இருபது பேர் போதும்.

யாரைக் கேட்பது என்பதுதான் இந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த இடம். டென்மார்க்கில் முதியோர் தாதியர், இளம் ஆண்கள், வயதான பெண்கள் என்று மூன்று கூட்டங்களிடம் கேட்டார்கள். நீங்கள் வேறொரு தோட்டத்துப் பெண்கள் இருபது பேர், கொழும்பில் பிறந்து வளர்ந்த இருபது பேர், தாதியர் இருபது பேர் என்று கேளுங்கள். படத்தில் இருப்பவர்களைத் தெரிந்தவர்கள் யாரும் இருக்கக் கூடாது. தோட்டத்துப் பெண்களின் கண் 47 வயது முகத்தை 47 என்றே சொல்லலாம். அவர்கள் வாழ்நாள் முழுவதும் பார்த்த 47 அதுதான். கொழும்புக்காரர்கள் 55 என்றால், அந்த இடைவெளியே ஒரு கண்டுபிடிப்பு. அந்தக் கிளினிக்கில் துண்டு எழுதியவர் எந்தக் கண்ணால் பார்த்தார் என்று இப்போதும் யோசிக்கிறேன்.

ஒவ்வொருவருக்கும் படங்களின் வரிசையை மாற்றிக் கொடுங்கள். கூட்டமாக உட்காரவைக்காதீர்கள், ஒருவர் சொன்னதை மற்றவர் கேட்டால் எல்லாம் வீண். ஒரு படத்துக்கு ஐந்து செக்கன், ஒரு எண், அவ்வளவுதான். பத்துப் படங்களைச் சொல்லாமல் இரண்டாம் முறை நுழைத்தால், ஒருவர் தன்னோடு தானே எவ்வளவு ஒத்துப்போகிறார் என்று தெரியும். ஆய்வுக்கு வந்த பெண்களின் வயது எல்லையை முன்கூட்டியே சொல்லாதீர்கள்.

போன் செயலியிடம் வயது கேட்கலாமே என்பார்கள். இந்தச் செயலிகளுக்குப் பாடம் படிப்பித்த படத்தொகுப்புகளில் புகழ்பெற்ற ஒன்று, பிரபலங்களின் ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட படங்களைக் கொண்டது. மேக்கப் போட்ட நடிகையரிடம் கற்றது மலையில் நிற்கும் பெண்ணைப் பற்றி என்ன சொல்லும்? மேலும் அவற்றில் படத்தை ஏற்றினால் அது எங்கே போகிறதென்று நமக்குத் தெரியாது. வேண்டாம்.

ஒன்பதாம் படி: கணக்கு

தோற்ற வயதில் இருந்து உண்மை வயதைக் கழித்து வரும் எண்ணை அப்படியே பயன்படுத்தாதீர்கள். மனிதக் கண் எல்லாரையும் நடுவுக்கு இழுக்கும். இளையவர்களுக்குக் கூட்டியும் முதியவர்களுக்குக் குறைத்தும் சொல்லும். 35 வயதுக்காரிக்குக் கூடுதலும் 55 வயதுக்காரிக்குக் குறைவும் வந்து, ஒன்றுமே இல்லாத இடத்தில் வடிவம் தெரியும்.

சரியான வழி: உண்மை வயதைக் கிடையாகவும் தோற்ற வயதைச் செங்குத்தாகவும் வைத்துப் புள்ளிகளுக்கு நடுவே ஒரு நேர்கோடு பொருத்துங்கள். ஒருவருடைய புள்ளி அந்தக் கோட்டுக்கு எவ்வளவு மேலே, எவ்வளவு கீழே என்பதே அவருடைய மிச்சம். உதாரணத்துக்கு, 47 வயதுப் பெண்ணுக்குச் சராசரியாக 54 சொல்கிறார்கள். கோட்டின்படி 47 வயதுக்கு 51 வர வேண்டும். அவருடைய மிச்சம் 3 வருடம், 7 அல்ல. இந்த மிச்சம் மலையில் கழித்த வருடங்களோடு கூடுகிறதா என்று எடை, மாதவிடாய், புகை, சீனி வருத்தம் ஆகியவற்றையும் சேர்த்துப் பாருங்கள். ஜாமோவி என்ற இலவச மென்பொருளில் இவ்வளவும் செய்யலாம். இதில் ஒரு நெருடல் உண்டு. வயது கூடினால் மலையில் கழித்த வருடமும் கூடும், இரண்டும் பின்னிக்கிடக்கும். பிந்தி வேலைக்கு வந்தவர்களையும், இடையில் விட்டுப்போனவர்களையும் தேடிச் சேர்த்தால்தான் அந்தப் பின்னல் அவிழும்.

என்னென்ன கணக்குப் போடப்போகிறீர்கள் என்று தரவைத் திறக்கும் முன்பே எழுதி, தேதியிட்டு, மேற்பார்வையாளரிடம் கொடுத்துவிடுங்கள். பிறகு பிடித்த முடிவைத் தேடி அலைய மனம் வராது. தொடர்பு ஒன்றும் இல்லை என்று வந்தாலும் அப்படியே எழுதுங்கள்.

பத்தாம் படி: திருப்பிக் கொடுப்பது

எந்தப் பெண்ணிடமும் "உங்களுக்கு 58 வயதுபோலத் தெரிகிறது" என்று சொல்லாதீர்கள். அவராகக் கேட்டாலும் கூட்டத்தின் முடிவை மட்டும் சொல்லுங்கள். வெயில் எப்படி வேலை செய்கிறது, என்ன செய்தால் குறையும் என்பதுதான் அவர்களுக்குக் கொடுக்க வேண்டியது.

அவுஸ்திரேலியாவின் நம்போர் என்ற ஊரில் 55 வயதுக்குக் கீழான 903 பேரிடம் நாலரை வருடம் நடந்த சோதனையில், தினமும் சன்கிறீம் பூசியவர்களின் தோல் முதுமை மற்றவர்களைவிட 24 சதவீதம் குறைவாக இருந்தது. இந்த விஷயத்தில் எனக்குத் தெரிந்த உறுதியான சான்று இதுதான். ஆனால் நாட்சம்பளக்காரியிடம் போய் தினமும் சன்கிறீம் வாங்கச் சொல்ல எனக்கு மனம் வராது. அகல விளிம்புத் தொப்பி, முழுக்கைச் சட்டை, கழுத்தை மூடும் துணி ஆகியவையும் கதிரைத் தடுக்கும், மறுநாளும் பயன்படும். இவற்றை நிர்வாகம் வேலைக் கருவியாகவே தர வேண்டும் என்று உங்கள் அறிக்கையின் பரிந்துரையில் எழுதுங்கள். மலைக்கத்தி தருகிறவர்கள் தொப்பியும் தரலாம். அடுப்புக்குப் புகைபோக்கி வைப்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

வெள்ளையாக்கும் கிறீம் பற்றி ஒரு அரைமணி நேரமாவது பேசுங்கள். மங்குக்கென்று பெயர் தெரியாத டப்பாக்களை வாங்கிப் பூசுகிறார்கள். சிலவற்றில் பாதரசம் இருக்கும், சிலவற்றில் வீரியமான ஸ்டெரொயிட் இருக்கும். பாதரசம் சிறுநீரகத்தைத் தாக்கும். ஸ்டெரொயிட் தோலை மெலியவைத்து, சிறு இரத்தக்குழாய்களைத் தெரியவைக்கும், நிறுத்தியதும் மங்கு முன்பைவிடக் கூடிவிடும். வெயிலைத் தடுக்காமல் மங்கு போகாது என்று தெளிவாகச் சொல்லுங்கள். திடீரென்று வளரும், இரத்தம் கசியும், ஆறாத புண்ணோ மச்சமோ யாரிடமாவது கண்டால் ஆய்வு முடியும்வரை காத்திருக்காமல் தோல் கிளினிக்குக்கு அனுப்புங்கள்.

கடைசியாக ஒரு வேலை, இதைப் படம் எடுக்கும் நாளிலேயே செய்ய வேண்டும். ஆய்வுக்கான படம் முடிந்ததும் போர்த்திய துணியை எடுத்துவிட்டு, அவருக்குப் பிடித்த சேலையில், பூ வைத்து, பொட்டோடு, பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ பக்கத்தில் நிற்க இன்னொரு படம் எடுங்கள். நம் அம்மாமார் பலரிடம் அடையாள அட்டையில் உள்ளதைத் தவிரத் தனக்கென்று ஒரு படம் இருக்காது. அதை நல்ல தாளில் அச்சடித்து, சட்டம் போட்டு, நீங்களே லயத்துக்குக் கொண்டுபோய்க் கையில் கொடுங்கள். அதில் இலக்கமோ குறியீடோ எதுவும் இருக்க வேண்டாம். இந்தப் படத்துக்கு மட்டும் அவர்களைச் சிரிக்கச் சொல்லுங்கள்.